ஆர்டிஸ் ஹாகனின் செவ்வாய் மதியம்

ஆர்டிஸ் ஹாகனிடம் இந்த ஊரில் யாரும் எதையும் கேட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவளைச் சக்கையாகப் பிழிந்தவர்கள் எல்லோரும் 'நாங்க கேக்கவே இல்லையே' என்று இன்றைக்கும் சத்தியம் செய்யத் தயாராக இருக்கிறார்கள். அது பொய்யும் இல்லை. வடக்கு மினசோட்டாவில் யாரும் யாரிடமும் எதையும் கேட்பது கிடையாது. சர்ச் சமையலறையில் நின்றுகொண்டு, கையிலுள்ள காபிக் கோப்பையைப் பார்த்தபடி, "சனிக்கிழமை அடக்கத்துக்கு வர்றவங்களுக்கு ரொட்டியில வெண்ணெய் தடவ யாராவது வந்தா நல்லா இருக்கும்" என்று பொதுவாகச் சொல்வார்கள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். பிறகு மௌனம். அந்த மௌனத்தை எவரால் தாங்க முடியவில்லையோ அவர் வந்து வெண்ணெய் தடவ வேண்டும். ஆர்டிஸுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து தாங்க முடியாமல் போனது அவளுக்குத்தான்.

நாங்கள் இருவரும் ஒரே வகுப்பு. அப்போதே கரும்பலகையைத் துடைப்பது அவள்தான். அவள் கல்யாணமே அப்படித்தான் நடந்தது. டுவேனின் அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, "எங்க டுவேனுக்கும் யாராவது கிடைச்சா நல்லா இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். அடுத்த ஜூன் மாதம் கல்யாணம். டுவேன் நல்லவர். பால் லாரி ஓட்டுகிறார். ஒரு நாளைக்கு இத்தனை வார்த்தை என்று கடவுள் அளந்து கொடுத்திருப்பதுபோலப் பேசுவார், அதிலும் மிச்சம் பிடிப்பார்.

ஆர்டிஸ் மாவட்ட அலுவலகத்தில் வண்டிகளுக்கு எண் பலகை கொடுக்கும் மேசையில் வேலை பார்க்கிறாள். செவ்வாய்க்கிழமை மட்டும் அவளுக்கு அரை நாள். அந்த அரை நாள் அவளைத் தவிர மற்ற எல்லோருக்கும் சொந்தமாக இருந்தது. கண் தெரியாத கிழவர் ஒருவரைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவாள். சர்ச்சில் ஞாயிறு ஆராதனைக்கான நிரல் தாள்களை மடித்து வைப்பாள். சர்ச் பெண்களுக்கெல்லாம் தலைவி மாதிரியான பெவர்லி ஸ்ட்ராண்ட் தன் மகள் வீட்டுக்குப் போனால் பெவர்லியின் பூனைக்குச் சோறு வைப்பாள். அந்தப் பூனையும் ஆர்டிஸைப் பார்த்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளும் என்று நான் சொன்னால் அவள் சிரிக்கமாட்டாள். எனக்குக் கோபம் வரும். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் நான், நாற்பது பிள்ளைகளை அதட்டி அதட்டி என் குரலே அதட்டலாகிவிட்டது. "ஒரு தடவை முடியாதுன்னு சொல்லித்தான் பாரேன்" என்பேன். "அது எப்படி வெர்னா, அவங்க என்னைக் கேக்கவே இல்லையே, எதுக்கு முடியாதுன்னு சொல்றது" என்பாள்.

போன நவம்பரில் அவள் அலுவலகத்துக்கு ஒரு பயிற்சியாளரை அழைத்து வந்தார்கள். நேரத்தை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது என்று சொல்லிக்கொடுக்கிற ஆள். கலிபோர்னியாவிலிருந்து வந்திருந்தார், நவம்பரில், மெல்லிய கோட்டோடு. ஒரு முழு நாளை வாங்கிக்கொண்டு நேரத்தைக் காப்பாற்றுவது எப்படி என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதில் ஒன்று மட்டும் ஆர்டிஸின் மனதில் ஆணி அடித்ததுபோல இறங்கிவிட்டது. முடியாது என்று சொல்லும்போது காரணம் சொல்லாதீர்கள், என்றாராம். காரணம் சொன்னால் எதிரில் இருப்பவர் அந்தக் காரணத்தைச் சரிசெய்து கொடுத்துவிடுவார். வண்டி இல்லை என்றால் வண்டி அனுப்புவார். தலைவலி என்றால் மாத்திரை கொடுப்பார். ஆகவே முடியாது என்று சொல்லுங்கள், புன்னகை செய்யுங்கள், வாயை மூடிக்கொள்ளுங்கள்.

அவருடைய ஊரில் அது செல்லுபடியாகும் போலிருக்கிறது.

டிசம்பரில் ஏரி கெட்டியாக உறைந்ததும் டுவேன் தன் மீன்பிடிக் குடிசையை இழுத்துக்கொண்டு போய் பனிக்கட்டி மேல் நிறுத்தினார். பலகைக் குடிசை, பச்சை வண்ணம், உள்ளே சின்ன கேஸ் அடுப்பு, இரண்டு மடக்கு நாற்காலி, தூண்டில் போடத் தரையிலும் அடியிலுள்ள பனிக்கட்டியிலும் ஒரு ஓட்டை. அவர் சனி, ஞாயிறு போவார். செவ்வாய்க்கிழமை அது காலியாக இருக்கும் என்பது ஆர்டிஸுக்கு ஒரு நாள் தோன்றியது. அந்த ஏரியில் நூறு குடிசை நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒரு ஆள் பேசாமல் உட்கார்ந்திருப்பார். ஒருவர் கதவை ஒருவர் தட்டமாட்டார்கள். இந்த மாவட்டத்தில் மனிதர்கள் ஒருவரை ஒருவர் விட்டுவைக்கிற ஒரே இடம் அதுதான், அதை இவ்வளவு காலமும் ஆண்கள் தங்களுக்கென்று வைத்திருந்தார்கள்.

அந்த வாரம் சர்ச் சமையலறையில் பெவர்லி காபிக் கோப்பையைப் பார்த்தபடி சொன்னாள். "செவ்வாய்க்கிழமை மதியம் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு மேய்ப்பர் உடுப்பெல்லாம் இஸ்திரி போட யாராவது வந்தா நல்லா இருக்கும்."

ஜன்னல். மௌனம்.

"செவ்வாய்க்கிழமை மதியம் எனக்கு முடியாது" என்றாள் ஆர்டிஸ்.

நாங்கள் காத்திருந்தோம். எங்கள் பக்கம் மறுப்பு என்பது ரயில் மாதிரி, முன்னால் ஒரு எஞ்சின்தான், பின்னால் காரணங்கள் பெட்டி பெட்டியாக வரும். எவ்வளவு நீளமோ அவ்வளவு மரியாதை. ஆர்டிஸ் புன்னகை செய்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"இந்த வாரமா?" என்றாள் பெவர்லி மெதுவாக.

"எல்லா வாரமும்."

பெவர்லி கோப்பையை மேசைமேல் வைத்தாள். "ஓ" என்றாள். "சரி சரி. அப்படின்னா சரிதான்." அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. ஏன் என்று கேட்பது எங்கள் ஊரில் அடுத்தவர் பீரோவைத் திறந்து பார்ப்பதற்குச் சமம். யாரும் கேட்கமாட்டோம். நாங்களே கண்டுபிடித்துக்கொள்வோம்.

கண்டுபிடிக்க வெகுநேரம் ஆகவில்லை. ஆர்டிஸ் வண்டி ஏறிப் போனதும் பெவர்லி கையுறையைப் போட்டபடி என்னிடம் சொன்னாள்: "வாராவாரம், ஒரே கிழமை. காரணமும் சொல்லல. பெரியாஸ்பத்திரியில அந்த மருந்து ஏத்துறது செவ்வாய்க்கிழமைதானே?"

"தெரியாது" என்றேன்.

"அவங்க அம்மாவுக்கும் அதானே வந்துச்சு" என்றாள் பெவர்லி.

போதாக்குறைக்கு அடுத்த வாரம் ஆர்டிஸ் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தாள். நீள முடியைக் காயவைக்கக் காலையில் அரை மணி நேரம் போகிறது என்று அந்தக் கலிபோர்னியாக்காரர் சொல்லிக்கொடுத்த கணக்குப் போட்டு வெட்டியிருக்கிறாள். இது எங்களுக்கு எப்படித் தெரியும்? யாராவது கேட்டால்தானே தெரியும். தபால் ஆபீஸில் அவளைப் பார்த்த பெண்களில் ஒருத்தி வெளியே வந்து காரில் உட்கார்ந்து அழுதாள்.

நானும் புற்றுநோய்தான் என்று நம்பினேன். பேருந்தை நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கில் தலை வைத்து அழுதேன். பள்ளிக்கூட நாளிலிருந்து பழகியவள் என்னிடம்கூடச் சொல்லவில்லையே என்பதுதான் முதல் துக்கம், சாகப்போகிறாளே என்பது இரண்டாவது. எனக்கே பிறகு வெட்கமாக இருந்தது.

பிறகு ஹாட்டிஷ் வர ஆரம்பித்தது. அது எங்கள் ஊர் அனுதாபத்தின் உருவம். கொத்துக்கறி, தகர டப்பாவில் வரும் காளான் சூப், மேலே உருளைக்கிழங்கு வரிசை, எல்லாம் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டுச் சுட்டெடுப்பது. பாத்திரத்தின் அடியில் ஒட்டுத்தாளில் சொந்தக்காரியின் பெயர் இருக்கும். சாப்பிட்டவள் பாத்திரத்தைக் கழுவிக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்கப் போனால் காபி. காபி முடிந்தால் விடைபெறுதல். எங்கள் ஊரில் விடைபெறுதல் நாற்காலியிலிருந்து எழும்போது தொடங்கும், சமையலறையில் ஒரு நிலை, கதவருகே ஒரு நிலை, படிக்கட்டில் ஒன்று, கடைசியில் கார் ஜன்னலை இறக்கிவிட்டு ஒன்று. அவசரக்காரர்களுக்கே முக்கால் மணி நேரம் ஆகும்.

பெவர்லி முறை வகுத்துவிட்டாள். திங்கள் ஒருத்தி, புதன் ஒருத்தி, வெள்ளி இரண்டு பேர். மருந்து ஏற்றும் நாளில் சமைக்க முடியாது என்பதால் செவ்வாய்க்கிழமை மூன்று பேர். ஆர்டிஸ் கதவைத் திறந்து, "எதுக்கு இதெல்லாம், எனக்கு ஒண்ணும் இல்ல, நான் நல்லா இருக்கேன்" என்பாள். எங்கள் ஊரில் சாகிறவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள். கொஞ்சம் ஜலதோஷம் பிடித்தவர் என்றால் அரை மணி நேரம் புலம்புவார். என் அப்பா கடைசி நாள் காலையில்கூட "குறை சொல்றதுக்கில்ல" என்றுதான் சொன்னார். அதனால் அவள் நல்லா இருக்கேன் என்று சொல்லச் சொல்ல எங்கள் பாத்திரங்கள் பெரிதாகிக்கொண்டே போயின.

டுவேனிடம் விசாரித்தார்கள். தீவனக் கடையில் நான்கு ஆண்கள் பூட்ஸைப் பார்த்தபடி, "ஆர்டிஸ் எப்படி இருக்கா?" என்றார்கள்.

டுவேன் யோசித்தார். "முன்ன மாதிரி இல்ல" என்றார். "செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்தா ரொம்ப அமைதியா இருக்கா."

நால்வரும் தொப்பியைக் கழற்றினார்கள். டுவேனுக்கு ஏன் என்று புரியவில்லை, ஆனால் கேட்கவில்லை. அந்தக் குளிர்காலத்தில் அவருக்கு எடை கூடியது.

ஆர்டிஸுக்கு விஷயம் புரிந்தது ஜனவரியில்தான். பிறகு என்னிடம் ஒளிக்காமல் சொன்னாள். புரிந்ததும் முதலில் பயமாக இருந்ததாம். அடுத்த ஞாயிறு சர்ச் சமையலறையில் பெவர்லி ஏதோ சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்க்கவில்லையாம், யாருமே தன்னை நோக்கி மௌனமாக இருக்கவில்லையாம். "அது எவ்வளவு சுகமா இருந்துச்சு தெரியுமா வெர்னா" என்றாள். "கொஞ்ச நாள் சாகுற மாதிரியே இருந்துட்டுப் போயிடலாமான்னு நெனச்சேன்."

ஆனால் சாகிறவளுக்கு ஏது நேரம். வாங்கிய பாத்திரங்களைத் திருப்பிக் கொடுத்து விடைபெற்று வருவதிலேயே அவளுடைய மாலைகள் போயின. செவ்வாய் மதியம் மட்டும் எப்படியோ தப்பித்து ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அதற்கும் வந்தது ஆபத்து.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் வீட்டு வாசலில் பெவர்லி எஞ்சினை ஓடவிட்டபடி காத்திருந்தாள். முன் இருக்கையில் கம்பளிப் போர்வை மடித்து வைத்திருந்தது.

"அந்தப் பக்கமாப் போற வேலை இருந்துச்சு" என்றாள் பெவர்லி. "சேர்ந்தே போயிடலாமேன்னு."

"எந்தப் பக்கம்?"

"நீ போற பக்கம்தான்."

"நானே ஓட்டிட்டுப் போயிக்கிறேன், பெவர்லி."

"சரி சரி. நீயே ஓட்டு. நான் சும்மா பின்னால வர்றேன். ரோடு வழுக்குது பாரு."

ஏரிக்குத் திரும்பும் சாலை வந்தது. கண்ணாடியில் பெவர்லியின் கார். இங்கே திரும்பினால் அந்தப் பச்சைக் குடிசையின் கதை அன்றோடு முடிந்தது என்று ஆர்டிஸுக்குத் தெரிந்தது. திரும்பவில்லை. நேராக ஓட்டினாள், ஒரு மணி நேரம், பெரியாஸ்பத்திரி இருக்கும் ஊர் வரை. வண்டியை நிறுத்தினாள். பெவர்லி தூரத்தில் நிறுத்திக் கையசைத்தாள். ஆர்டிஸ் ஆஸ்பத்திரிக்குள் போனாள். வேறென்ன செய்வது? வரவேற்பறையில் ஒரு பெரிய மீன்தொட்டி இருந்தது. அதன் முன்னால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வெளியே வந்தாள். பெவர்லி அவ்வளவு நேரமும் குளிரில் காருக்குள் இருந்து ஜெபம் செய்திருக்கிறாள். ஆர்டிஸைப் பார்த்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டாள். எங்கள் ஊரில் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடிப்பது பிரேதத்தின் பக்கத்தில் மட்டும்தான்.

"முகத்துல ரத்தமே இல்ல" என்று பெவர்லி அன்று மாலை எல்லோருக்கும் சொன்னாள். இருந்திருக்காது. எனக்குத் தெரிந்து ஆர்டிஸ் வாழ்க்கையில் அவ்வளவு ஆத்திரப்பட்டது அன்றைக்குத்தான்.

அந்த ஞாயிறு ஆராதனையில் போதகர் நோயுற்றோருக்கான ஜெபத்தில் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தார். இடுப்பு எலும்பு முறிந்த ஒருவர், இதய அறுவைக்குப் போகும் ஒருவர், பிறகு "எங்கள் சகோதரி ஆர்டிஸ்". ஆர்டிஸ் தன் வழக்கமான இடத்தில், பின்னாலிருந்து மூன்றாவது பெஞ்சில், கொழுகொழுவென்ற டுவேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து நின்றாள். லுத்தரன் சர்ச்சில் பாட்டு இல்லாத நேரத்தில் யாரும் எழுந்து நிற்பது கிடையாது, கட்டடம் தீப்பிடித்தால்கூட அடுத்த பாட்டு வரட்டும் என்று காத்திருப்போம்.

"எனக்கு ஒரு நோயும் இல்ல" என்றாள். "செவ்வாய்க்கிழமை நான் ஆஸ்பத்திரிக்குப் போகல. ஒரு தடவை போனேன், அதுவும் பெவர்லி பின்னால வந்ததால. நான் ஏரியில டுவேனோட குடிசைக்குப் போறேன். அங்க சும்மா உக்காந்திருப்பேன். யாரும் இல்லாம இருக்கணும்னுதான் போறேன். மன்னிச்சுக்கங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஹாட்டிஷ் நல்லா இருந்துச்சு" என்று சேர்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

யாரோ இருமினார்கள். முன்வரிசையிலிருந்து பெவர்லியின் குரல் நிதானமாக வந்தது.

"ம். அது வித்தியாசமாத்தான் இருக்கு."

வெளியூர்க்காரருக்கு இது சாதாரண வாக்கியமாகத் தோன்றும். எங்கள் மாவட்டத்தில் இதைவிடக் கடுமையாக யாரும் யாரையும் திட்டியதில்லை.

யாரும் சண்டை போடவில்லை. மறுநாள் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக ஆர்டிஸின் வீட்டுக்கு வந்து, வாசலிலேயே நின்று, தங்கள் பாத்திரங்களைத் தாங்களே வாங்கிக்கொண்டு போனார்கள். "உனக்கு எதுக்கு சிரமம்" என்றார்கள். அது போர் அறிவிப்பு. அதற்குப் பிறகு சர்ச் சமையலறையில் அவளை நோக்கி யாரும் மௌனமாக இருக்கவில்லை. அவளோடு நன்றாகவே பேசினார்கள், வானிலையைப் பற்றி.

நான் மற்றவர்கள்போல இல்லை, எனக்குக் கோபம் வந்தால் நேராகப் போய்க் காட்டிவிடுவேன். அடுத்த செவ்வாய்க்கிழமை காலைச் சுற்றுக்கும் மாலைச் சுற்றுக்கும் நடுவில் ஏரிக்கு நடந்து போய்ப் பச்சைக் கதவைத் தட்டினேன்.

ஆர்டிஸ் திறந்தாள். திகைப்பை மறைத்துக்கொண்டு உள்ளே விட்டாள். அடுப்பு எரிந்தது. தூண்டில் சுவரில் மாட்டியபடியே இருந்தது. தரையிலிருந்த ஓட்டையில் பச்சைத் தண்ணீர், அடியிலிருந்து வெளிச்சம் வருவதுபோல.

"என்னடி பண்ற இங்க?"

"பாத்துட்டு இருக்கேன்."

"என்னத்த?"

"தண்ணியத்தான்."

"மீன் வருதா?"

"எப்பவாவது ஒண்ணு வரும். என்னைப் பாக்கும். போயிடும்." அடுப்பைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, "அதுங்களுக்கு வாசல்ல நின்னு பேசத் தெரியாது" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். கோபமாக வந்தவள் அல்லவா. "எங்கிட்டகூட நீ சொல்லல."

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"கூட வந்திருப்பேன்."

"அதான்" என்றாள்.

எனக்கு அது உறைக்கவில்லை. இரண்டாவது நாற்காலியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தேன். பெவர்லி என்ன சொன்னாள், போதகர் என்ன சொன்னார், பேருந்தில் எந்தப் பிள்ளை வாந்தி எடுத்தது, எல்லாம் சொன்னேன். ஆர்டிஸ் தண்ணீரைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு தலையை நிமிர்த்தினாள்.

"வெர்னா, நீ இப்ப கிளம்பணும்."

"ஏன்?"

புன்னகை செய்தாள், வாயை மூடிக்கொண்டாள். அந்தக் கலிபோர்னியாக்காரர் எதிரில் இருந்திருந்தால் தூக்கி அந்த ஓட்டையில் போட்டிருப்பேன். எழுந்தேன், கதவைத் திறந்தேன், நடந்தேன். எங்கள் மாவட்டத்தில் அவ்வளவு சீக்கிரம் யாரும் விடைபெற்றதாக நான் கேள்விப்பட்டதில்லை. பனிக்கட்டி மேல் நடந்துகொண்டே வாய்விட்டுத் திட்டினேன். வலித்தது. இத்தனை வருஷத்தில் அவள் யாரையும் போ என்று சொன்னதில்லை, முதன்முதலில் சொல்ல நானா கிடைத்தேன்.

ஆர்டிஸ் விலகிக்கொண்டதும் ஒன்று நடந்தது, அதை நான் எதிர்பார்க்கவில்லை. சர்ச் சமையலறையில் ஜன்னலைப் பார்ப்பவர்களின் மௌனம் இப்போது என் பக்கம் திரும்பியது. பெவர்லியின் பூனை எனக்கு வந்தது. கண் டாக்டரிடம் போக வேண்டிய கிழவர் எனக்கு வந்தார். ஞாயிறு தாள்களை நான் மடித்தேன். பிப்ரவரி முழுக்க அப்படிப் போனது. நான் அதட்டல்காரி, எனக்கு வாய் உண்டு, ஆனாலும் அந்த மௌனம் ஒருவர்மேல் நேராக விழும்போது அது என்ன எடை என்று அப்போதுதான் தெரிந்தது. ஆர்டிஸ் இதைத் தன் வாழ்நாள் முழுவதும் தூக்கியிருக்கிறாள்.

தவக்காலம் வந்தது. புதன்கிழமைதோறும் சர்ச்சில் சூப். மார்ச் மாதத்து ஞாயிறு ஒன்றில் பெவர்லி கோப்பையைப் பார்த்தாள். "இந்தப் புதன்கிழமைக்கு யாராவது பட்டாணி சூப் வச்சா நல்லா இருக்கும்."

"என்னால முடியாது" என்றேன்.

பெவர்லி காத்திருந்தாள். நான் புன்னகை செய்தேன்.

"இந்தப் புதன்கிழமையா?"

"எந்தப் புதன்கிழமையும்."

"ஓ" என்றாள் பெவர்லி. முகம் மாறியது. நான் அதைக் கவனித்திருக்க வேண்டும், கவனிக்கவில்லை. மனசுக்குள் அவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது. வீட்டுக்கு வந்து சோபாவில் காலை நீட்டினேன்.

செவ்வாய்க்கிழமை மதியம், இரண்டு சுற்றுக்கும் நடுவில், அதேபோலக் காலை நீட்டிக்கொண்டு இருந்தபோது வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஆர்டிஸ். கையில் துண்டில் சுற்றிய கண்ணாடிப் பாத்திரம்.

கதவைத் திறந்தேன். ஏரியிலிருந்து நான் திரும்பி வந்த நாளுக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

"அதிகமாப் பண்ணிட்டேன்" என்றாள். "வீணாப் போயிடுமேன்னு."

"ஆர்டிஸ், எனக்கு ஒண்ணும் இல்ல."

"சரி."

"சூப் வைக்கப் பிடிக்கல. அவ்வளவுதான்."

"சரி வெர்னா."

"நான் நல்லா இருக்கேன்டி."

அவள் கண் நிறைந்துவிட்டது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நீயே இந்தக் கூத்தப் பண்ணவதானே. உனக்குமா தெரியாது?"

"தெரியும்" என்றாள். "வர்ற வழியெல்லாம் அதைத்தான் எனக்கே சொல்லிட்டு வந்தேன். வெர்னாவுக்கு ஒண்ணும் இருக்காது, நம்மளப் பாத்துக் கத்துக்கிட்டான்னு. ஆனா ஒருவேளை நெஜமா இருந்துட்டா?"

பாத்திரத்தை வாங்கினேன். சுடச்சுட இருந்தது. மேலே உருளைக்கிழங்கை வரிசை பிசகாமல் அடுக்கியிருந்தாள். காலையில் அலுவலகம் போவதற்கு முன்னால் எழுந்து செய்திருக்க வேண்டும். அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, காபி ஊற்றினேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இன்னிக்கு செவ்வாய்க்கிழமை" என்றேன்.

"ஆமா."

"டுவேன் எப்ப குடிசையை எடுக்குறார்?"

"நாளைக்கு. ஓரத்துல உருக ஆரம்பிச்சிருச்சு. சட்டப்படியும் இந்த வாரத்துக்குள்ள எடுத்தாகணும்."

"அப்ப இன்னிக்குத்தான் கடைசி."

"அதுக்கென்ன" என்றாள் ஆர்டிஸ். "அடுத்த குளிர்காலம் வராமலா போயிடும்." காபியைக் குடித்தாள். சாய்ந்து உட்கார்ந்தாள், ஒரு நோயாளியின் வீட்டில் எவ்வளவு நேரம் இருக்க வேண்டுமோ அவ்வளவு நேரம் இருக்கத் தயாராக. ஊரே பகைத்துக்கொள்ளும்படி சம்பாதித்த மதியத்தை, இல்லாத என் நோய்க்காகக் கொண்டுவந்து என் சமையலறையில் வைத்துவிட்டாள். அவளை இருத்திவைத்துச் சாயங்காலம் வரை பேசிக்கொண்டிருக்க வேண்டும்போல இருந்தது.

கடிகாரத்தைப் பார்த்தேன். வெளிச்சம் இன்னும் நிறைய இருந்தது.

"ஆர்டிஸ், நீ இப்ப கிளம்பணும்" என்றேன்.

"ஏன்?"

நான் காரணம் சொல்லவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். முதலில் புரியவில்லை, பிறகு முகம் மெல்ல மலர்ந்தது. எழுந்தாள். சமையலறையில் நிற்கவில்லை, கதவருகே நிற்கவில்லை, கார் ஜன்னலை இறக்கவில்லை. போய்விட்டாள்.

பாத்திரம் இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. அடியில் அவள் பெயர் ஒட்டியிருக்கிறது. திருப்பிக் கொடுக்க வேண்டும், செவ்வாய் அல்லாத ஒரு நாளில்.

அன்று மாலைச் சுற்றில் பேருந்து ஏரிச் சாலையில் திரும்பியபோது பார்த்தேன். மற்ற குடிசைகளை எல்லாம் எடுத்துவிட்டார்கள். வெறும் பனியின் நடுவில் அந்தப் பச்சை ஒன்றுதான் நின்றது, பக்கத்தில் அவள் வண்டி. தெரிந்தவர்கள் வண்டியைப் பார்த்தால் நான் ஹாரன் அடிப்பது வழக்கம். பிள்ளைகளும் அடி அடி என்றார்கள். அடிக்கவில்லை.